பச்சை உடம்பும் சீன மருந்துப் பொட்டலமும்

கேள்வி:

எனக்கு 31 வயது. கணவர் சீனர். சிங்கப்பூர் செங்காங்கில் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறோம். 16 நாளைக்கு முன் ஆபரேஷன் செய்து ஆண் குழந்தை பிறந்தது. கடைசி மாதத்தில் பிரஷர் ஏறிவிட்டதால் இன்னும் நிஃபெடிபின் சாப்பிடுகிறேன். ரத்தக்கட்டி வராமலிருக்க ஆறு வாரம் எனாக்சாபாரின் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைக்கு ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடு இருக்கிறது. மஞ்சள் காமாலைக்கு இரண்டு நாள் லைட்டில் வைத்து எடுத்தார்கள்.

மாமியார் மருந்துக் கடையில் 28 நாளுக்கான பொட்டலங்கள் வாங்கி வைத்திருக்கிறார். நான்கு நாளாக ஒரு கறுப்புக் கஷாயம் குடிக்கிறேன். பழுப்பாகிக் குறைந்துவந்த உதிரப்போக்கு முந்தாநாளிலிருந்து மறுபடி சிவப்பாகப் போகிறது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு பேட் மாற்றுகிறேன். "பழைய ரத்தம் கழிகிறது, நல்லதுதான்" என்கிறார் மாமியார். ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவோ பிரசவ லேகியத்தை உருட்டிக்கொண்டு நிற்கிறார். மாமியார் பேச்சுப்படி குழந்தையை ஏதோ பூப்போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் குளிப்பாட்ட வேண்டுமாம், வாயில் கசப்புத் தண்ணீர் நாலு சொட்டு விட வேண்டுமாம். பால் வேறு குறைந்ததுபோல் இருக்கிறது. "பால் சுரக்க" என்று மாமியார் ஒரு சின்னப் பொட்டலமும் வைத்திருக்கிறார். கன்ஃபைன்மென்ட் ஆன்ட்டி (பிரசவப் பணிவிடைக்கு வந்தவர்) செரிமானத்துக்கென்று ஒரு தானியத் தேநீர் தருகிறார். பொட்டலத்தைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். யார் மனதையும் நோகடிக்க விருப்பமில்லை. எதைக் குடிக்கலாம், எதை விடலாம்?

பதில்:

சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாக எழுதியதைத்தான் மற்றவர்களுக்காக இங்கேயும் முதலில் வைக்கிறேன். கஷாயத்தை இன்றே நிறுத்துங்கள். பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரிக்கு இன்றே போன் செய்து, குறைந்த உதிரம் மறுபடி சிவப்பாகப் போகிறது, ரத்தம் உறையாமலிருக்கும் ஊசி போடுகிறேன், மூலிகைக் கஷாயமும் குடித்தேன் என்று மூன்றையும் சொல்லுங்கள். ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைந்தாலோ, பெரிய கட்டிகள் விழுந்தாலோ, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றம், தலைசுற்றல் என்று எது வந்தாலோ போனெல்லாம் வேண்டாம், நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி வந்தாலும் அப்படித்தான். பிரஷர் ஏறிப் பிள்ளை பெற்றவருக்கு அந்த ஆபத்து பிரசவத்தோடு முடிந்துவிடுவதில்லை.

பிரசவமான இரண்டாம் வாரத்தில், நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்துப் பொருக்கு உதிரும்போது ஓரிரு மணி நேரம் சிவப்பாகப் போவது உண்டு. இரண்டு நாளாகத் தொடர்வது அந்தக் கணக்கில் சேராது. உள்ளே நஞ்சுக்கொடித் துணுக்கு தங்கியிருக்கலாம், கிருமி சேர்ந்திருக்கலாம். கஷாயத்தின்மேல் பழியைப் போட்டு அதைக் கீழே கொட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம். மாமியார் அதை மருந்தின் வேலை என்கிறார், நாம் மருந்தின் கெடுதல் என்கிறோம். இரண்டிலும் அசல் காரணம் பார்க்கப்படாமல் போகக்கூடும்.

இனி பொட்டலம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரம் பழுப்பேறி, நடுவில் எண்ணெய்ப் புள்ளி தெறித்த வெளிர் துண்டுகள் டாங் குவெய் என்ற வேர். முகர்ந்தால் செலரி வாசம் வரும். பட்டாம்பூச்சி இறக்கைபோல் சீவியிருப்பது சுவான் சியோங். பாதாம் பருப்பின் குட்டித் தம்பி மாதிரி இருப்பது தாவ் ரென், அதாவது பீச் பழக்கொட்டையின் பருப்பு. கருகிய இஞ்சி, தேன் விட்டு வறுத்த அதிமதுரம். ஆக இது ஷெங் ஹுவா தாங். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபூ ஷான் என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் பிரசவக் கஷாயம். சீனக் குடும்பங்களில் நம் வீட்டுப் பிரசவ லேகியத்துக்கு இருக்கிற மரியாதை இதற்கு உண்டு. கருப்பையில் தங்கிய ரத்தத்தைக் கழிப்பதுதான் இதன் வேலை என்பது நம்பிக்கை. வேலையே அதுவாக இருக்கும்போது, ரத்தம் போய்க்கொண்டிருக்கிறவருக்கு, அதுவும் உறையாமலிருக்க ஊசி போடுகிறவருக்கு, இதைக் கொடுக்கலாமா என்று பதிவு பெற்ற சீன மருத்துவர் ஒருவரைக் கேட்டிருந்தால் அவரே வேண்டாம் என்றிருப்பார். அவர்கள் முறையிலும் இது 28 நாள் குடிக்கிற மருந்து அல்ல. ஆரம்பத்தில் சில நாள் குடித்துவிட்டு நிறுத்துவது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு நாளும் குறைவு, தொடங்குவதும் தாமதம். உங்களுக்குப் பன்னிரண்டாம் நாளில் தொடங்கியிருக்கிறார்கள்.

டாங் குவெய்யோடு, ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ரத்தம் அளவுக்கு மீறி நீர்த்துப்போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. கோஜிப் பழத்துக்கும் அதே குற்றச்சாட்டு உண்டு. உங்களுடையது வேறு மருந்து, ஊசி. ஆனாலும் இரண்டு பக்கமும் ஒரே திசையில் இழுக்கும்போது ஒன்றை விடுவதுதான் புத்தி. விட வேண்டியது எது என்பதில் சந்தேகமே இல்லை.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் மருந்தகக் கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், "இங்கிலீஷ் மருந்துக்கும் சீன மருந்துக்கும் இரண்டு மணி நேரம் விட்டுத்தான் சாப்பிடுகிறேன்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். அந்த இரண்டு மணி நேரம் வயிற்றுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் சரக்குகளுக்கு மட்டும்தான் உதவும். இரும்புச்சத்து மாத்திரையையும் தேநீரையும் பிரித்து வைப்பது அப்படி. ரத்தத்துக்குள் போய் வேலை செய்கிற இரண்டு மருந்து காலையும் மாலையுமாகப் போனாலும் உள்ளே சந்தித்துக்கொள்ளும்.

அடுத்தது அதிமதுரம். சீனப் பொட்டலத்தில் அதன் பெயர் கான் சாவ். ஏறக்குறைய எல்லாக் கஷாயத்திலும் ஒரு துண்டாவது இருக்கும். உங்கள் அம்மாவின் லேகியத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சதகுப்பையோடு அதிமதுரமும் இருக்கிறதா என்று கேளுங்கள். பல வீடுகளில் போடுவார்கள். அதிலுள்ள கிளிசிரைசின் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும், பிரஷரை ஏற்றும். நீங்களோ பிரஷரைக் குறைக்க மாத்திரை சாப்பிடுகிறீர்கள். காலையில் அம்மா கையால் ஓர் உருண்டை, மாலையில் மாமியார் கையால் ஒரு கிண்ணம் என்றால், இரண்டு அன்பும் சேர்ந்து உங்கள் மாத்திரையோடு மல்லுக்கட்டும். போதாததற்கு, மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைபரின் சில மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவையே கூட்டிவிடும். குழம்பில் போடுகிற மிளகுக்குப் பயப்பட வேண்டாம். லேகியமாகக் கெட்டிப்படுத்திச் சாப்பிடுவது வேறு. ஊசியும் பிரஷர் மாத்திரையும் முடியும்வரை லேகியத்தையும் தள்ளி வையுங்கள். மாமியார் கஷாயத்தை மட்டும் நிறுத்திவிட்டு அம்மா லேகியத்தைத் தொடர்ந்தால் வீட்டில் அது மருந்துப் பிரச்சினையாக நிற்காது. அது உங்களுக்கே தெரியும்.

தாய்க்கும் கைக்குழந்தைக்கும் சேர்ந்து பிரஷர் ஏறிய ஒரு சம்பவம் 1999இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. பிரசவமான பெண் டாங் குவெய் போட்ட சூப் குடித்திருக்கிறார். அவர் பால் குடித்த மூன்று வாரக் குழந்தைக்கும் பிரஷர். சூப்பை நிறுத்தியதும் சரியானது. ஒரே ஒரு சம்பவத்தை வைத்து அந்த வேரைக் குற்றவாளி ஆக்க முடியாது. ஆனால் தாய்ப்பால் மருந்துகளுக்கென்று அமெரிக்க அரசு நடத்தும் லாக்ட்மெட் தரவுத்தளத்தில் டாங் குவெய் பக்கத்தைத் திறந்தால், பாலில் அது எவ்வளவு போகிறது என்பதற்கு அளவீடே கிடையாது. "ஆயிரம் வருஷமாகக் குடிக்கிறார்கள்" என்பதற்கும் "அளந்து பார்த்திருக்கிறார்கள்" என்பதற்கும் இருக்கிற தூரம் அதுதான். உங்கள் எனாக்சாபாரினுக்கும் நிஃபெடிபினுக்கும் அந்தக் கவலை இல்லை. ஊசி மருந்தின் மூலக்கூறு பெரிது, பாலில் சேர்வது சொற்பம், சேர்ந்தாலும் குழந்தையின் குடல் அதை உறிஞ்சாது. நிஃபெடிபின் மிகச் சிறிய அளவே பாலில் போகும். நான்கு நாள் கஷாயம் குடித்துவிட்டோமே என்று பாலைப் பீய்ச்சிக் கொட்டவும் வேண்டாம், தொடர்ந்து கொடுங்கள். குழந்தை வழக்கத்தைவிட மந்தமாக இருந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

குழந்தை விஷயத்தில் மட்டும் எனக்கு வளைந்து கொடுக்க மனம் வராது. அந்தக் கசப்புத் தண்ணீர் பெரும்பாலும் ஹுவாங் லியான் வேரை ஊறவைத்ததாக இருக்கும். கருவிலிருந்து வந்த சூட்டையும் விஷத்தையும் அது எடுக்கும் என்பது நம்பிக்கை. 1950களிலும் 60களிலும் சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகள் பல கடும் காமாலையால் மூளை பாதித்து இறந்தன. பலருக்கு ஜி6பிடி குறைபாடு இருந்தது தெரியவந்தது. அதனால்தான் 1965 முதல் இங்கே பிறக்கிற குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து இந்தச் சோதனை செய்கிறார்கள். உங்கள் பிள்ளைக்குக் குறைபாடு இருப்பது பிறந்த கையோடு தெரிந்ததும் அப்படித்தான். ஹுவாங் லியானின் கசப்புக்குக் காரணமான பெர்பெரின், காமாலையை உண்டாக்கும் பிலிருபினை அது ஒட்டியிருக்கும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்திலிருந்து பிரித்துவிடக்கூடியது. பிரிந்த பிலிருபின்தான் மூளைக்குள் போகும். 1978இல் பெர்பெரினையும் அது உள்ள மூலிகைகளையும் சிங்கப்பூர் தடை செய்தது. 2013 முதல் படிப்படியாகத் தடையை விலக்கியது. மாமியார் வயதுக்காரர்களுக்கு இது தெரியும். "இப்போதுதான் தடை இல்லையே" என்று சொல்லவும் கூடும். தடை நீங்கியது பெரியவர்கள் முறையாகப் பயன்படுத்துவதற்கு. ஜி6பிடி குறைபாடுள்ள, காமாலை வந்து தெளிந்த 16 நாள் குழந்தையின் வாயில் விடுவதற்கு அல்ல.

குளிப்பாட்டும் பூ ஜின் யின் ஹுவா, அதாவது ஹனிசக்கிள் பூவாக இருக்கலாம். இந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஆகாதென்று இங்கே பெற்றோருக்குச் சொல்லும் பட்டியல்களில் ஹுவாங் லியானோடு இந்தப் பூவும், லா மேய் ஹுவா என்ற இன்னொரு பூவும், நியூ ஹுவாங் எனப்படும் மாட்டுப் பித்தக்கல்லும், முத்துப் பொடியும் இருக்கும். பால் கொடுக்கிற வரையில் நீங்களும் அவற்றைத் தொட வேண்டாம். வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். இன்னொன்று: குழந்தையின் துணி இருக்கிற அலமாரியில் நாஃப்தலின் உருண்டை போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்து எறிந்துவிட்டு, துணிகளைத் துவைத்துக் காயப்போடுங்கள். மூலிகையைவிட அந்த வெள்ளை உருண்டைதான் பல வீடுகளில் கவனிக்கப்படாமல் கிடக்கிறது. கண்ணின் வெள்ளை மறுபடி மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, குழந்தை வெளிறிப் பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

படத்தின் வலது மூலையில் இன்னொரு சின்னப் பொட்டலம். பிரிக்கவில்லை, மேலே பெயரும் இல்லை. "பால் சுரக்க" என்று மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். என்னை மிகவும் உறுத்தியது அதுதான். பால் சுரக்கக் கொடுக்கும் பழைய சீனக் கஷாயங்களில் தோங் சாவ் என்று ஒன்று சேர்ப்பார்கள், தெர்மக்கோலைச் சில்லு சில்லாக வெட்டியதுபோல் எடையே இல்லாத வெள்ளைத் தண்டுச்சோறு. மூ தோங் என்று இன்னொன்றும் சேர்ப்பார்கள், மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல் கோடுகள் ஓடும் கொடித்துண்டு. இந்த மூ தோங் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடிகள் சந்தையில் புழங்கின. அவற்றில் குவான் மூ தோங் என்பது அரிஸ்டலோக்கியா வகை. அதிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைத் திரும்பச் சரியாகாதபடி கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும்.

இது காகிதத்தில் மட்டும் இருக்கிற ஆபத்து அல்ல. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில், உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். தேடிப் பார்த்தால், ஹான் ஃபாங் ஜீ என்ற மூலிகைக்குப் பதில் குவாங் ஃபாங் ஜீ சேர்ந்திருக்கிறது. பெயரில் முதல் சொல் மட்டும்தான் வேறு, செடியோ முற்றிலும் வேறு. பிறகு சீனாவே 2003இல் குவான் மூ தோங்கைத் தடை செய்தது. சிங்கப்பூரிலும் அரிஸ்டலோக்கிக் அமிலமுள்ள மருந்துக்கு அனுமதி கிடையாது. சீனர் மருந்து என்பதால் இப்படி என்று உங்கள் அம்மா சொல்ல ஆரம்பித்தால், நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் இதே அரிஸ்டலோக்கியா குடும்பம்தான் என்று சொல்லிவையுங்கள்.

அந்தப் பெயரில்லாப் பொட்டலத்தைக் கொதிக்கவைக்காதீர்கள். மூடி முத்திரையிட்டு விற்கும் சீன மருந்துகள் சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். கடையில் இழுப்பறையிலிருந்து அள்ளி, நிறுத்து, காகிதத்தில் மடித்துத் தரும் காய்ந்த சரக்குக்கு அப்படிப்பட்ட பட்டியல் கிடையாது. நிறுத்துத் தருகிறவர் மருத்துவரும் அல்ல. சீன மருத்துவர்களுக்கு இங்கே 2000ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்து, பதிவு கட்டாயமாகிவிட்டது. மருத்துவர் பதிவானவரா என்பதைப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். மலேசியாவின் ஜொகூரிலிருந்து யாராவது மருந்து டப்பா வாங்கி வந்தால் அதில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி டி (T) என்ற எழுத்தில் முடியும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா பாருங்கள். சமூக ஊடகத்தில் விற்கும் "பிரசவத்துக்குப் பின் தொப்பை குறைக்கும் தேநீர்" என்றால் எண்ணைக்கூடத் தேட வேண்டாம். அவற்றில் அடிக்கடி இருப்பது நிலாவாரை, அல்லது டா ஹுவாங் என்ற ருபார்ப் வேர். உங்கள் எடையைக் குறைக்காது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வேண்டுமானால் வரும்.

பால் குறைந்ததற்கு வருவோம். செரிமானத்துக்கென்று கன்ஃபைன்மென்ட் ஆன்ட்டி ஒரு தானியத் தேநீர் போட்டுத் தருவதாக எழுதியிருந்தீர்கள். அது சாவ் மாய் யா, அதாவது முளைகட்டி வறுத்த பார்லியா என்று கேளுங்கள். சீன மருத்துவத்தில் பால் வற்றுவதற்குக் கொடுப்பதே அதுதான். சூப்புக்குக் கொஞ்சம் போடுகிறவர்களும் உண்டு, ஆனால் பால் வேண்டும் என்கிறவருக்கு அது எதற்கு? அடுத்தது, நல்லெண்ணெயும் இஞ்சியும் அரிசி மதுவும் ஊற்றிச் செய்கிற கோழி. கொதித்தால் மது ஆவியாகிவிடும் என்பார்கள். அரை மணி நேரம் கொதித்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தங்கும். இரண்டரை மணி நேரம் கொதித்தால்தான் இருபதில் ஒரு பங்காகும். இறக்கும்போது கடைசியில் ஒரு கரண்டி ஊற்றுவார்கள் பாருங்கள், அதில் ஆவியாவதற்கு நேரமே இல்லை. ரத்தத்தில் எவ்வளவு மது இருக்கிறதோ ஏறக்குறைய அவ்வளவு பாலிலும் இருக்கும். அதோடு பாலை இறக்கிவிடும் ஆக்சிடோசினையும் அது மட்டுப்படுத்தும். என் பிரசவத்தின்போது பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அன்போடு கொண்டுவந்த கோழியை ஒரு கிண்ணம் ஒட்டக் குடித்துவிட்டு, "குழந்தை என்ன நன்றாகத் தூங்குகிறான்!" என்று சந்தோஷப்பட்டவள்தான் நானும், அப்போது நான் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுவை விட்டுவிட்டு இஞ்சியும் நல்லெண்ணெயும் போட்டுக் கோழி செய்யச் சொல்லுங்கள், ருசிக்கு ஒன்றும் குறையாது. பாலுக்கு மருந்து, குழந்தை சரியாகப் பற்றி அடிக்கடி குடித்து மார்பைக் காலிசெய்வதுதான். ஆஸ்பத்திரியில் பால் கொடுப்பதற்கு உதவும் நர்ஸ் இருப்பார். ஆபரேஷன் தையல் வலிக்காமல் குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று அவரிடம் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது? "உங்கள் மருந்து வேண்டாம்" என்று தொடங்காதீர்கள். "ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள், இதிலுள்ள சரக்கு ஒவ்வொன்றின் பெயரையும் சீன எழுத்தில் எழுதித் தருகிறீர்களா?" என்று கேளுங்கள். கடை ரசீதையும் வாங்கிக்கொள்ளுங்கள். சீன எழுத்தில் இருந்தால் ஹானும் குவாங்கும் குழம்பாது. ஒரு பொருளின் பெயரை அவராலும் சொல்ல முடியவில்லை என்றால், அதை வேண்டாம் என்று முதலில் சொல்வது பெரும்பாலும் அவராகவே இருப்பார். நான் பார்த்தவரையில் அப்படித்தான் நடந்திருக்கிறது. அந்தத் தாளை ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடம் காட்டுங்கள். ஊசி முடிந்து, பிரஷர் சீராகி, உதிரம் நின்ற பிறகும் அவருக்கு ஆசை இருந்தால், பதிவு பெற்ற சீன மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். பால் கொடுப்பதையும் குழந்தையின் ஜி6பிடியையும் அவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

அதுவரை அவர் கைக்கு வேலை வேண்டும்தானே? இஞ்சி தட்டிப்போட்ட மீன் சூப், பப்பாளிக்காய்ச் சூப், பன்றிக்கால் சூப் எதற்கும் தடையில்லை. நாலைந்து சிவப்பு ஜுஜுபி (சீன இலந்தை) போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரும் சரி. அதில் இரும்புச்சத்து நிறைய இருக்கிறது என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் தந்த இரும்புச்சத்து மாத்திரையையும் போட்டுக்கொள்ளுங்கள். கோஜியையும் கறுப்புக் காளானையும் மட்டும் ஊசி முடியும்வரை டப்பாவிலேயே இருக்கவிடுங்கள்.